மறுவும் மேடும்: நிலவின் தரைத்தோற்றத்தைச் சூரிய ஒளியும் நிழலும் புலப்படுத்தும் முறை – திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிலவின் முகத்தில் புலப்படுவன இருவகையின. பாறையின் நிறவேறுபாட்டால் தோன்றும் மறு ஒருவகை. மேடுபள்ளங்களின்மேல் சாய்ந்து விழும் ஒளியாலும் நிழலாலும் தோன்றும் தரைவடிவம் மற்றொரு வகை. முன்னது முழுநிலவில் தெளிவாகத் தெரியும். பின்னது முழுநிலவில் மறைந்து, வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வெளிப்படும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே நிலவுத் தரையைப் படிப்பதற்கான முதற்படி. திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் ஒப்பீட்டுக் களமாகக் கொண்டு நிழலின் கணக்கை இக்கட்டுரை விளக்குகிறது. 2019-இல் விக்ரம் தரையிறங்கு கலத்தின் சிதைவுகள் கண்டறியப்பட்டதிலும், 2023-இல் சந்திரயான்-3 தரையிறங்கியதிலும் அக்கணக்கு ஆற்றிய பங்கையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நிலவு, மறு, ஒளியெல்லைக் கோடு, நிழல், சூரிய உயரக் கோணம், கிண்ணக்குழி, விக்ரம், திண்டுக்கல்

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் நிலவைச் சொல்லுமிடத்து அதன் மறுவும் உடன் சொல்லப்படுவதுண்டு. திருக்குறளின் 112-ஆம் அதிகாரமாகிய நலம்புனைந்துரைத்தலில், தலைவியின் முகத்தில் நிலவுக்கு உள்ளது போன்ற மறு உண்டோ என்னும் வினா எழுப்பப்படுகிறது. அங்குச் சுட்டப்படும் நிலவு, தேய்ந்த குறை நீங்கி நிறைந்த நிலவு என்பது கருதத்தக்கது. மறு, களங்கம், முயல் எனப் பலவாறு வழங்கப்படும் அக்கரும்பகுதி நன்கு தெரிவது முழுநிலவில்தான். இலக்கியக் கூற்றும் ஒளியியல் உண்மையும் இவ்விடத்தில் ஒத்துச் செல்கின்றன.

ஆயின், நிலவின் மலைகளும் பள்ளங்களும் முழுநிலவில் தெரிவதில்லை. முழுநிலவன்று தொலைநோக்கி வழியே பார்ப்போர் ஒளிமிகுந்த, தட்டையான ஒரு வட்டத்தையே காண்கின்றனர். நிலவைக் காட்டுவதற்கு முழுநிலவு நாளே ஏற்றது எனக் கல்வி நிறுவனங்களில் பொதுவாகக் கருதப்படுவதற்கு நேர்மாறானது இவ்வுண்மை. நிலவின் தரைவடிவத்தை அறிவதற்கு ஒளியின் மிகுதியைவிட ஒளியின் சாய்வே இன்றியமையாதது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மறு: பாறையின் நிறம்

நிலவின் கரும்பகுதிகள் நிழல்கள் அல்ல. அவை பழங்காலத்தில் பெருமோதல்களால் உண்டான அகன்ற படுகைகளில் எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்த பசால்ட் சமவெளிகள். பண்டைய வானியலாளர் இவற்றைக் கடல்கள் எனக் கருதிப் பெயரிட்டமையால் இன்றும் அவை கடல் என்றே வழங்கப்படுகின்றன. இப்பாறை தன்மீது விழும் ஒளியில் மிகச் சிறுபங்கையே திருப்பி அனுப்புகிறது. இவற்றைச் சூழ்ந்த வெண்ணிற மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்னும் பாறைவகையால் ஆனவை. வெளிர்நிறமுடைய பிளஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் இப்பாறையில் மிகுந்திருப்பதால், மேட்டுநிலம் கடற்பகுதியைவிட ஏறக்குறைய இருமடங்கு ஒளியைத் திருப்புகிறது. மறுவுக்கும் அதனைச் சூழ்ந்த வெண்மைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அனார்த்தோசைட் தமிழகத்துக்குப் புதியதன்று. திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் பகுதியில் அனார்த்தோசைட் பாறைத்தொகுதி ஒன்று உள்ளது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட்டைப் பொடித்தே, நிலவு மண்ணை ஒத்த சோதனை மண்ணை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நிலவின் அனார்த்தோசைட் உருகிய பாறைக்கடலின் மேல் மிதந்து உறைந்த முதல் மேலோடு. தமிழகத்து அனார்த்தோசைட்டின் தோற்றமும் வயதும் வேறு. எனினும், ஃபெல்ட்ஸ்பார் மிகுதியும் வெளிர்நிறமும் இரண்டுக்கும் பொதுவானவை. சந்திரயான்-3 ஊர்தியாகிய பிரக்யான் தான் இறங்கிய பகுதியின் மண்ணை ஆய்ந்து, அது பெரும்பாலும் அனார்த்தோசைட் இயல்புடையது எனக் காட்டியது. அம்முடிவுகள் 2024-இல் வெளியாயின.

நிறவேறுபாடு வெளிப்படுவதற்குச் சூரியன் தலைக்கு மேல் நிற்பது துணையாகிறது. நிழல்கள் குறுகி மறைவதால் ஒவ்வொரு பகுதியின் ஒளித்திருப்பு ஆற்றலும் தனித்துத் தோன்றுகிறது. நிலவின் தென்பகுதியில் உள்ள டைக்கோ என்னும் கிண்ணக்குழியிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும் வெண்கதிர்க் கோடுகள் முழுநிலவில் பளிச்செனத் தெரியும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அவை ஏறத்தாழ மறைந்துவிடும். மோதலின்போது தெறித்த வெண்பொடியின் மெல்லிய படிவே அக்கோடுகள். அவற்றுக்குக் குறிப்பிடத்தக்க உயரம் இல்லையாதலின் நிழலும் இல்லை.

2. சாய்ந்த ஒளி: கல்வெட்டு தரும் ஒப்புமை

கல்வெட்டாய்வில் பழகியோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். தேய்ந்த கல்வெட்டொன்று உச்சிவெயிலில் வெறும் பாறையாகவே தோன்றும். காலையிலோ மாலையிலோ கதிர் பாறைமுகத்தை உரசிச் செல்லும்போது, எழுத்தின் ஒரு விளிம்பு ஒளிபெற்று மறு விளிம்பு நிழல்கொள்ள, வரிவடிவம் எழுந்து நிற்கும். இரவில் கைவிளக்கைப் பாறைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் படிப்பதும் இக்காரணம் பற்றியே.

எழுத்துப் பள்ளங்களில் சுண்ணப்பொடி தடவப்பட்டிருப்பின் நிலை வேறு. அப்போது எழுத்தைக் காட்டுவது பள்ளத்தின் நிழலன்று, பொடியின் நிறம். எனவே உச்சிவெயிலிலும் அதனைப் படிக்கலாம். ஆனால் பொடி பரவிய இடமெல்லாம் எழுத்து எனக் கொள்ளப்படும் தீங்கும் உண்டு. நிலவின் மறு சுண்ணம் தடவிய எழுத்தைப் போன்றது. நிலவின் மலையும் குழியும் தடவப்படாத எழுத்தைப் போன்றவை. முன்னதை நேரொளியிலும் பின்னதைச் சாய்ந்த ஒளியிலும் படித்தல் வேண்டும்.

நிலவில் ஒளி சாய்ந்து விழும் இடம், ஒளிப்பகுதியையும் இருட்பகுதியையும் பிரிக்கும் எல்லையாகும். இக்கட்டுரையில் அது ஒளியெல்லைக் கோடு எனப்படுகிறது. வளர்பிறையில் நாம் காணும் கோட்டின்மேல் நிற்கும் இடங்களில் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும், தேய்பிறையில் மறைந்துகொண்டிருக்கும். நிலவின் நடுக்கோட்டில் இவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. ஆகவே வளர்பிறையின் ஒவ்வொரு மாலையும் நிலவின் வெவ்வேறு பகுதி சாய்ந்த ஒளியைப் பெறுகிறது.

3. நிழலின் கணக்கு

சமதரையில் நிற்கும் பொருளின் உயரம், அதன் நிழல் நீளத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கக் கிடைக்கும். சூரியன் 45° உயரத்தில் இருப்பின் நிழலும் பொருளும் சமநீளம் உடையன. 18° உயரத்தில் நிழல் பொருளைப்போல் 3.1 மடங்கு நீளும். 10° உயரத்தில் 5.7 மடங்கு; 6° உயரத்தில் 9.5 மடங்கு, 3° உயரத்தில் 19 மடங்கு. சூரியன் தாழத் தாழ, நிழல் ஓர் உருப்பெருக்கியாகவே செயற்படுகிறது எனலாம். தொலைநோக்கிக்கு எட்டாத 100 மீட்டர் உயரமுடைய மேடும், சூரியன் 3° உயரத்தில் நிற்கும்போது ஏறத்தாழ 2 கி.மீ. நிழலைத் தந்து தன் இருப்பை உணர்த்திவிடும்.

இக்கணக்கின் தொடக்கம் கலிலியோவிடம் உள்ளது. 1609-ஆம் ஆண்டின் இறுதியில் பதுவா நகரிலிருந்து நிலவைத் தொலைநோக்கியால் நோக்கிய அவர், ஒளியெல்லைக் கோட்டுக்கு அப்பால் இருட்பகுதியினுள் தனித்தனி ஒளிப்புள்ளிகள் இருப்பதையும், நேரம் செல்லச்செல்ல அவை விரிந்து ஒளிப்பகுதியோடு கலப்பதையும் கண்டார். அடிவாரம் இருளில் இருக்க, முகடு மட்டும் கதிரைப் பெறுவதே அதற்குக் காரணம் என முடிவு செய்தார். சில ஒளிப்புள்ளிகள் எல்லைக் கோட்டிலிருந்து நிலவு விட்டத்தின் 20-இல் ஒரு பங்குக்கு மேற்பட்ட தொலைவில் இருந்தன. நிலவின் விட்டத்தை 2000 மைல் எனக் கொண்டால் அத்தொலைவு 100 மைல். ஆரம் 1000 மைல். செங்கோண முக்கோணத் தேற்றத்தின்படி, நிலவின் மையத்திலிருந்து முகட்டுக்குள்ள தொலைவு 1000-இன் வர்க்கத்தையும் 100-இன் வர்க்கத்தையும் கூட்டிய தொகையின் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 1005 மைல். ஆரத்தைக் கழிக்க மலையின் உயரம் 4 மைலுக்கு மேல் எனப் பெறப்பட்டது. 1610 மார்ச்சில் வெனிசில் வெளியான நூலில் இக்கணக்கு இடம்பெற்றது. விண்பொருள்கள் குறையற்ற, மழமழப்பான கோளங்கள் என்ற நெடுநாள் கொள்கைக்கு அது மாறானது.

4. திண்டுக்கல்லின் 50 நிமிடமும் நிலவின் ஒரு நாளும்

கலிலியோ கண்ட காட்சிக்கு ஒப்பானது திண்டுக்கல் சமவெளியிலும் நிகழ்கிறது. மேற்கே பழனி மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் அமைய, இடையே சமவெளி விரிந்துள்ளது. மாலையில் மேற்கு மலைத்தொடரின் நிழல் சமவெளியை மூடிய பின்னும் சிறுமலையின் முகடுகள் சிறிதுநேரம் பொன்னொளி பெற்று நிற்கும். ஒளியெல்லைக் கோடு சமவெளியைக் கடந்துவிட்டது, முகட்டை இன்னும் கடக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இருநிலங்களுக்கும் வேறுபாடு காலத்தில் உள்ளது. தடையற்ற சமதரையிலிருந்து 1 கி.மீ. உயர்ந்த முகடு, புவியில் திண்டுக்கல்லின் குறுக்குக்கோட்டில், தரையைவிட ஏறத்தாழ 4 நிமிடம் கூடுதலாகக் கதிரைப் பெறும். அதே உயரமுடைய முகடு நிலவின் நடுக்கோட்டில் ஏறத்தாழ 3 மணி 50 நிமிடம் கூடுதலாகப் பெறும். நிலவு சிறியதாதலின் அதன் தரை விரைவாக வளைகிறது. சூரியனும் அங்கு மணிக்கு அரைப்பாகை அளவே நகர்கிறது. இருட்பகுதிக்குள் தனித்து மின்னும் முகடுகளை ஒரே இரவில் பலமுறை நோக்கி மாற்றத்தைப் பதிவுசெய்யக் கூடுவது இந்நெடும்பொழுதினாலேயே.

நிலவிலுள்ள கோப்பர்னிக்கசு என்னும் கிண்ணக்குழி இதற்கு மற்றொரு சான்று. அதன் விட்டம் 93 கி.மீ.; ஆழம் ஏறத்தாழ 3.8 கி.மீ. நிலவின் வடக்குக் குறுக்குக்கோடு 9.6°-இல் அது அமைந்துள்ளது. திண்டுக்கல்லும் புவியின் வடக்குக் குறுக்குக்கோடு 10.4° அளவில் உள்ளது. எனவே இரு இடங்களிலும் சூரியன் ஏறத்தாழ ஒரே பாங்கில் எழுகிறது. வேகம் மட்டுமே வேறு. திண்டுக்கல்லில் சூரியன் அடிவானிலிருந்து 12° உயர ஏறத்தாழ 50 நிமிடம் ஆகிறது. கோப்பர்னிக்கசில் அதே 12° உயர ஏறத்தாழ ஒருநாள் முழுதும் வேண்டும்.

சூரியன் 5° உயரத்தில் இருக்கும்போது கோப்பர்னிக்கசின் கிழக்கு விளிம்பு தரும் நிழல் ஏறத்தாழ 43 கி.மீ. நீண்டு, குழியின் பாதியை மூடுகிறது. மறுநாள் மாலை அதே நேரத்தில் சூரியன் 17° உயர்ந்திருக்க, நிழல் 12 கி.மீ. அளவுக்குச் சுருங்கி, குழியின் தரையும் நடுவிலுள்ள சிகரங்களும் வெளிப்படுகின்றன. மேலும் இரு நாள் சென்றால் சூரிய உயரம் குழிச்சுவரின் சாய்வை விஞ்சிவிடும். நிழல் அறவே மறையும். அதன்பின் அங்குக் காண்பது குழியின் நிறத்தையே அன்றி ஆழத்தை அன்று.

திண்டுக்கல் நகரின் மலைக்கோட்டைப் பாறை இதே நிகழ்ச்சியைச் சிற்றளவில் காட்டுகிறது. காலையின் முதல் 50 நிமிடத்தில் பாறையின் பிளவுகளும் மழைநீர் அரித்த தடங்களும் கோட்டைச் சுவரின் கல்வரிசைகளும் தெளிவாகப் புலப்படும். நடுப்பகலில் அதே பாறை ஒரே வெண்சாம்பல் பரப்பாகத் தோன்றும். ஏப்ரல் 17, ஆகஸ்டு 26 ஆகிய நாள்களை ஒட்டித் திண்டுக்கல்லில் நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்குமேல் நிற்கிறது. நிழலில்லா நாள் என வழங்கும் அந்நாளின் நண்பகலில் செங்குத்தான கம்பத்துக்கு நிழல் இல்லை. நிலவின் முகத்தட்டின் நடுப்பகுதி ஒவ்வொரு முழுநிலவிலும் அந்நிலையை அடைகிறது.

5. நிழலின்றியும் புலப்படும் சாய்வு

தரையின் சாய்வு சூரிய உயரத்தைவிடக் குறைவாயின் நிழல் உண்டாவதில்லை. அப்போதும் ஒளியளவின் மாற்றம் சாய்வைக் காட்டிக்கொடுக்கும். பரப்பொன்று பெறும் ஒளியளவு, கதிர் செங்குத்திலிருந்து விலகிய கோணத்தின் கொசைன் மதிப்பைப் பொறுத்தது. சூரிய உயரம் 6° ஆக இருக்கும் இடத்தில், சூரியனை நோக்கி 2° மட்டுமே சாய்ந்த மென்சரிவு, சமதரையைவிட 33 விழுக்காடு கூடுதல் ஒளி பெறும். சூரிய உயரம் 70° ஆயின் அதே சரிவு பெறும் கூடுதல் ஒளி 1.2 விழுக்காடு மட்டுமே. அதனைக் கண் உணராது. நிலவின் கடற்பகுதிகளில் ஓடும் தாழ்ந்த சுருக்கமேடுகள் ஒளியெல்லைக் கோட்டின் அருகில் மட்டும் தென்பட்டு, ஓரிரு நாளில் மறைந்துபோவதற்கு இதுவே காரணம்.

நேர்மதில் என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட 110 கி.மீ. நீளமுள்ள பிளவுமேடு இதனை மேலும் விளக்கும். மேற்கு நோக்கிச் சரியும் அம்மேடு, வளர்பிறையில் கிழக்கிலிருந்து ஒளி வரும்போது கருங்கோடாகவும், தேய்பிறையில் மேற்கிலிருந்து ஒளி வரும்போது வெண்கோடாகவும் தோன்றுகிறது. பெயரால் செங்குத்து மதில் எனத் தோன்றினும் உண்மையில் அது ஒரு சரிவே. சாய்ந்த ஒளி உருவத்தை வெளிப்படுத்துவதோடு மிகைப்படுத்தவும் செய்யும் என்பதற்கு இது தக்க சான்று. கணக்கிட்டு அளந்த பின்னரே உயரத்தையும் சாய்வையும் கூறுதல் வேண்டும்.

மண்துகள் அளவிலும் நிழலின் ஆட்சி உண்டு. முழுநிலவின் ஒளி அரைநிலவின் ஒளியைப்போல் இருமடங்கு இருத்தல் வேண்டும் என எவரும் எண்ணுவர். உண்மையில் அது ஏறத்தாழ பத்து மடங்கு. நிலவின் தரை முழுதும் பொடிமண்ணால் போர்த்தப்பட்டது. சூரியன் பார்ப்பவரின் பின்னால் நிற்கும்போது ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்வது இவ்வொளி மிகுதிக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. முழுநிலவின் தட்டைத் தோற்றமும் அதன் பேரொளியும் நிழலின்மை என்னும் ஒரே காரணத்தோடு தொடர்புடையன.

6. விக்ரம் சிதைவுகள் கண்டறியப்பட்டமை (2019)

ஒளியின் சாய்வு ஆய்வு முடிவையே மாற்றவல்லது என்பதைச் சந்திரயான்-2 நிகழ்ச்சி காட்டியது. 2019 செப்டம்பர் 7 அன்று விக்ரம் கலம் தரையிறங்கும் தறுவாயில் தொடர்பை இழந்தது. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் செப்டம்பர் 17 அன்று அப்பகுதியைப் படம்பிடித்தது. அப்படத்தொகுப்பு செப்டம்பர் 26 அன்று பொதுவெளியில் வெளியிடப்பட்டது. படம் எடுக்கப்பட்டபோது அங்கு மாலைப்பொழுது. சூரியக் கதிர் செங்குத்திலிருந்து 84° விலகியிருந்தது, அதாவது சூரிய உயரம் 6° மட்டுமே. அந்நிலையில் 1 மீட்டர் உயரப் பாறையும் 9.5 மீட்டர் நிழல் தரும். தரையின் பெரும்பகுதியை நீண்ட நிழல்கள் மூடியிருந்தமையால் மோதிய இடம் அப்போது அடையாளம் காணப்படவில்லை.

மதுரையைச் சொந்த ஊராகக் கொண்டவரும் சென்னையில் பணியாற்றியவருமான பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அப்படத்தொகுப்பைத் தரையிறங்கலுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களோடு ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளியைப் புதிய படத்தில் கண்டு நாசாவுக்குத் தெரிவித்தார். அப்படத்தில் ஒரு படப்புள்ளி 1.3 மீட்டர் தரையைக் குறித்தது; அவர் கண்டது ஒரே ஒரு படப்புள்ளி.

ஒற்றை ஒளிப்புள்ளி பலவற்றைக் குறிக்கலாம். கதிரை நேரே பெறும் பாறைமுகமும், புதிதாகக் கிளறப்பட்ட வெளிர்மண்ணும், உலோகத் துண்டும் அவ்வாறு ஒளிரக்கூடும். வேறொரு சூரிய உயரத்தில் எடுக்கப்பட்ட படமே ஐயத்தை நீக்கவல்லது. அக்டோபர் 14, 15 ஆகிய நாள்களிலும் நவம்பர் 11 அன்றும் அப்பகுதி மீண்டும் படம்பிடிக்கப்பட்டது. நவம்பர்ப் படத்தில் ஒரு படப்புள்ளி 0.7 மீட்டரைக் குறித்தது. கதிர் செங்குத்திலிருந்து 72° விலகியிருந்தது, அதாவது சூரிய உயரம் 18°. நிழல்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறுகவே, முன்பு மறைந்திருந்த தரை வெளிப்பட்டது.

அப்படத்தில் இருவகைச் சான்றுகள் கிடைத்தன. மோதலால் கிளறுண்ட மண், சுற்றுத் தரையினின்று நிறத்தால் வேறுபட்டு நின்றது. இது மறுவின் வகை. பெரிய சிதைவுத் துண்டுகள் மூன்றும் ஏறத்தாழ இரண்டுக்கு இரண்டு படப்புள்ளி அளவின. ஒவ்வொன்றும் ஒரு படப்புள்ளி அளவு நிழலைத் தந்தன. இது மேட்டின் வகை. ஒரு படப்புள்ளி நிழலை 0.7 மீட்டர் எனக் கொண்டால், 18° சூரிய உயரத்தில் அத்துண்டின் உயரம் தோராயமாகக் கால் மீட்டர் எனப் பெறப்படும். நிறம் மட்டும் இருந்திருப்பின் அது மண்கறை எனவும் கொள்ளப்படலாம். நிழலும் உடனிருந்தமையால் தரையின்மேல் எழுந்து நிற்கும் பொருள் என்பது உறுதியாயிற்று.

2019 டிசம்பர் 2 அன்று நாசா இக்கண்டுபிடிப்பை அறிவித்து, சண்முக சுப்பிரமணியனின் பங்கையும் பதிவுசெய்தது. அவர் முதலில் கண்ட துண்டு, முதன்மை மோதலிடத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் வடமேற்கில் இருந்தது. சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் வாயிலாக விக்ரம் இருக்குமிடத்தை முன்னரே அறிந்ததாக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் தெரிவித்திருந்தது.

7. தரையிறங்கும் பொழுதைத் தெரிதல்

நிழல் தேடுவோர்க்கு மட்டுமன்றி இறங்குவோர்க்கும் வழிகாட்டி. அப்பல்லோ பயணங்களில் தரையிறங்கும் இடத்துச் சூரிய உயரம் 5° முதல் 14° வரை இருக்குமாறு நாள் குறிக்கப்பட்டது. 1969 சூலையில் அப்பல்லோ-11 இறங்கியபோது அது ஏறத்தாழ 11°. இதனினும் தாழின் நிழல்கள் பள்ளங்களை மூடிவிடும்; மிக உயரின் பாறையும் குழியும் தரையோடு கலந்து தோன்றும்.

சந்திரயான்-3 தரையிறங்கு கலம் 2023 ஆகஸ்டு 23 அன்று மாலை 6.04 மணிக்கு, நிலவின் தெற்குக் குறுக்குக்கோடு 69.4° அளவில் இறங்கியது. அது திண்டுக்கல்லின் நிழலில்லா நாளுக்குச் சற்று முந்தைய பொழுது. தரையிறங்கிய இடத்தில் அப்போது விடியற்காலம். ஏறத்தாழ 14 புவிநாள் நீளும் நிலவின் ஒருபகலையும் மின்னாற்றலுக்குப் பயன்படுத்த விடியலைத் தேர்ந்தனர். அவ்விடத்தில் நண்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 20° அளவே உயரும். அப்போதும் நிழல் பொருளின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு இருக்கும். உச்சிப்பொழுதிலும் நிழல் நீங்காத அந்நிலம், பாறைகளையும் குழிகளையும் காட்டிக்கொடுக்கும் நிலம். பள்ளங்களின் உட்புறத்தை ஒளித்துவைக்கும் நிலமும் அதுவே. 0.25 மீட்டர் அளவையும் பிரித்துக்காட்டும் சந்திரயான்-2 சுற்றுக்கல ஒளிப்படக் கருவியின் படங்கள் இடத்தேர்வுக்கு உதவின. இறங்கும்போதே இடையூறுகளைக் கண்டு விலக்கும் ஒளிப்படக் கருவியும் கலத்தில் இருந்தது.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 27 அன்று, நாசாவின் சுற்றுக்கலம் எடுத்த படத்தில் விக்ரம் தெரிந்தது. இறங்குபொறியின் வீச்சால் மேல்மண் கிளறப்பட்டுக் கலத்தைச் சூழ்ந்து வெண்வட்டம் உண்டாகியிருந்தது. அதன்மேல் கலத்தின் கருநிழல் விழுந்திருந்தது. நிறமும் நிழலுமாகிய இருவகைச் சான்றும் அப்படத்தில் ஒருங்கே அமைந்தன.

8. நிழல் மறைப்பதும் மயக்குவதும்

நிலவில் வளிமண்டலம் இல்லை. திண்டுக்கல்லில் பாறையின் நிழலுக்குள்ளும் வானத்தின் பரவொளி நுழைந்து கல்லும் புல்லும் தெரியச் செய்கிறது. நிலவின் நிழலுக்குள் அத்தகைய பரவொளி இல்லை. எதிரேயுள்ள சரிவுகளிலிருந்து தெறிக்கும் சிற்றொளியே உண்டு. நிலவின் அச்சு ஏறத்தாழ 1.5° மட்டுமே சாய்ந்துள்ளமையால், முனைகளை ஒட்டிய ஆழ்குழிகள் சிலவற்றின் தரை நெடுங்காலமாகச் சூரியனையே கண்டதில்லை. கடுங்குளிர் நிலவும் அக்குழிகளில் நீர்ப்பனி தங்கியுள்ளது. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 கலத்திலிருந்த கனிம வரைபடக் கருவியின் தரவுகளில், சரிவுகளிலிருந்து தெறித்த சிற்றொளியைக் கொண்டே பனியின் அடையாளம் 2018-இல் கண்டறியப்பட்டது.

நிழல் மயக்கமும் தரும். மனிதக் கண் ஒளி மேலிருந்து வருவதாகக் கருதியே மேட்டையும் பள்ளத்தையும் முடிவுசெய்கிறது. கிண்ணக்குழியின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குழி குன்றாகத் தோன்றுவது இதனாலேயே. வானியல் தொலைநோக்கிகள் பலவும் உருவைத் திருப்பிக் காட்டுவன. ஆதலின், நிலவுப் படத்தைப் படிக்கும் முன் ஒளி வரும் திசையைத் துணிதல் முதற்கடமை. ஒளி வரும் பக்கத்து உள்விளிம்பு இருண்டிருப்பின் அது குழி. அப்பக்கம் ஒளிர்ந்து எதிர்ப்பக்கம் இருண்டிருப்பின் அது மேடு.

9. திண்டுக்கல்லிலிருந்து நோக்கத்தக்க பொழுது

நடுக்கோட்டை அண்மிய திண்டுக்கல்லில் வளர்பிறையின் தொடக்க நாள்களில் நிலவு படகு போலக் கிடக்கும். அதன் ஒளியெல்லைக் கோடு அடிவானத்துக்கு ஏறத்தாழ இணையாக அமைந்து, ஒளி கீழிருந்து வருவதாகத் தோன்றும். மேற்கூறிய மயக்கம் அப்போது மிகுதி. அரைநிலவு நாளில் நிலவு அந்திப்பொழுதில் உச்சியை ஒட்டி நிற்கும். வளிமண்டலத்தின் தடிப்பு குறைவாதலின் காட்சி தெளிவுறும். அன்று நிலவின் தென்பகுதியில் நெருங்கிய கிண்ணக்குழிகள் நிழலோடு தென்படும். அதற்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நாளில் ஒளியெல்லைக் கோடு கோப்பர்னிக்கசை அடையும். அடுத்தடுத்த மாலைகளில் அக்குழியின் நிழல் சுருங்குவதை வரைந்து அளப்பது சிறிய தொலைநோக்கிக்கும் எட்டும் பயிற்சி. முழுநிலவில் மறுவையும் டைக்கோவின் கதிர்க்கோடுகளையும் நோக்கலாம். மலையையும் குழியையும் தேடுதல் பயனற்றது.

முடிவுரை

நிலவின் முகத்தில் தெரியும் கருமை அனைத்தும் நிழலன்று. மறு என்பது பாறையின் நிறம். அதனைக் காட்டுவது நேரொளி. மலையும் குழியும் தரையின் வடிவம். அவற்றைக் காட்டுவது சாய்ந்த ஒளி. சூரிய உயரம் தெரிந்தால் நிழலின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். ஆயின், ஒரே சூரிய உயரத்தில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டு முடிவு கூறுதல் பிழைக்கு இடம்தரும். 6° உயரத்தில் மறைந்திருந்த விக்ரம் சிதைவுகள் 18° உயரத்தில் நிறமும் நிழலும் ஒருசேர வெளிப்பட்டமை இதற்குச் சான்று. கல்வெட்டைப் பலபொழுது ஒளியில் படித்துப் பாடம் துணிவது போலவே, நிலவின் தரையையும் பல்வேறு சூரிய உயரங்களில் நோக்கித் துணிதல் வேண்டும். கல்வி நிறுவனங்களில் நிலவுநோக்கலை முழுநிலவு நாளிலிருந்து வளர்பிறையின் அரைநிலவை ஒட்டிய மாலைகளுக்கு மாற்றி அமைப்பது இத்துறைக் கல்விக்குப் பெரிதும் துணைசெய்யும்.